‘அட்ஜஸ்ட்’ என்னும் வினைச்சொல்



மாலை ஆறு மணி. பெங்களூரு சிவாஜிநகர்ப் பேருந்து நிலையம். அலுவலகம் விட்டு வருவோரும், ரஸ்ஸல் சந்தையில் காய்கறி வாங்கித் திரும்புவோரும், கமர்சியல் தெருவில் துணி எடுத்து வருவோருமாக ஒரே நெரிசல். ஹெப்பாள் செல்லும் பேருந்து வந்து நிற்கிறது. ஏறியவுடன் இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. பின்கோடியில் உள்ள நீண்ட இருக்கையில் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். ஆறாவதாக ஒரு பெரியவர், ஒரு கையில் பையும் மறு கையில் குடையுமாக வந்து நின்று, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்கிறார். ஐவரும் ஆளுக்கு இரண்டு விரற்கடை நகர்கின்றனர். இல்லாதிருந்த ஓர் இடம் அங்கே பிறக்கிறது. பெரியவர் அமர்கிறார், வண்டி புறப்படுகிறது.

அதே வண்டியில், அதே வேண்டுகோளை, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்” என்று தமிழிலும் கேட்கலாம். உருது பேசுவோர் வாயிலும் அந்த ‘அட்ஜஸ்ட்’ மாறுவதில்லை. மொழிகள் மாறினும் வினைச்சொல் ஒன்றே. ஆங்கிலேயரிடமிருந்து நாம் பெற்ற சொற்களுள் இதனைப்போல் நம் நாவில் ஊறிப்போனது வேறு உண்டா என்பது ஐயமே. ஆனால் இச்சொல்லை ஆங்கிலத்தில் பேசும்போதும் எழுதும்போதும் நாம் சரியாகப் பயன்படுத்துகின்றோமா? தவறாகப் பயன்படுத்தினால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? இவ்விரு கேள்விகளுக்கும் இன்று விடை காண முயல்வோம். குடிமுழுகாவிடினும், குடியிருந்த வீடு கைநழுவப் பார்த்த கதை ஒன்று நம்மிடம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில், இச்சொல் இவ்வூர்த் தமிழருக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெயர்ந்து பெங்களூரில் பாளையம் அமைத்தது. படைக்குப் பின்னே வணிகரும், கொத்தரும், தையற்காரரும், சமையற்காரரும், வண்டியோட்டிகளும் வந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர். அந்நாளில் பிளாக்பள்ளி என்று வழங்கிய இடமே இன்றைய சிவாஜிநகர். 1881-இல் மைசூர் அரசு உடையார் மன்னரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோதும் இப்பாளையப் பகுதி ஆங்கில ரெசிடெண்டின் ஆட்சியிலேயே நின்றது. 1947-இல்தான் அது மைசூரோடு மீண்டும் சேர்ந்தது. 1949-இல் நகரமும் பாளையமும் ஒரே மாநகராட்சி ஆயின. இத்தனை காலம் ஆங்கிலேயர் வீட்டிலும் அலுவலகத்திலும் பட்டறையிலும் பழகிய நம் மக்கள், ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றதைவிடக் காதால் கற்றதே மிகுதி. காதால் கற்ற சொல் நாவில் விரைவில் நிற்கும். ஆனால் அதன் எல்லைகள் கூடவே வருவதில்லை. ‘அட்ஜஸ்ட்’ அவ்வாறு எல்லை இழந்து வந்த சொல்.

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்பதில் மூன்றே சொற்கள். மூன்றும் மூன்று மொழியின. ‘ஸ்வல்ப’ என்பது வடசொல். மிகச் சிறிது என்பது பொருள். நாம் ‘சொற்பம்’ என்கிறோமே, அச்சொல்லின் தாய் இதுதான். ‘மாடி’ என்பது கன்னடம். ‘செய்யுங்கள்’ என்னும் மரியாதை ஏவல். நடுவில் நிற்கும் ‘அட்ஜஸ்ட்’ ஆங்கிலம். அதுவும் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. பிரெஞ்சோ இலத்தீனிலிருந்து பெற்றது. இலத்தீனில் ‘யுக்ஸ்தா’ என்றால் ‘அருகே’ என்று பொருள். அதனடியாகப் பிறந்த வினைக்கு ‘அருகே கொணர்’ என்பது முதற்பொருள். பிற்காலத்தில், ‘நேர்மையான’, ‘நீதியான’ என்று பொருள்படும் ‘யுஸ்துஸ்’ என்ற வேறொரு சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தி மக்கள் எண்ணலாயினர். ‘ஜஸ்டிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்த ‘யுஸ்துஸ்’ வழியில் வந்ததே. அந்த எண்ணமும் இவ்வினையின் மீது தன் நிழலைப் படியவைத்தது. ஆகவே இச்சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன: ஒன்று நெருங்கி வருதல், மற்றொன்று நேர்மையாக்குதல்.

பேருந்தில் இரண்டு விரற்கடை நெருங்கி அமரும் நம் பயணியர், இலத்தீன் அறியாமலேயே இச்சொல்லின் மிகப் பழைய பொருளைச் செய்து காட்டுகின்றனர்! ஆனால் இன்றைய ஆங்கிலம் அப்பொருளை விட்டு வெகுதொலைவு வந்துவிட்டது. இலண்டன் நகரப் பேருந்தில் ஒருவரிடம் சென்று ‘ப்ளீஸ் அட்ஜஸ்ட்’ என்றால், அவர் தம் கழுத்துப்பட்டையையோ மூக்குக்கண்ணாடியையோ தடவிப் பார்ப்பார், நகரமாட்டார். ‘எதனை’ என்ற கேள்வி அவர் மனத்தில் எழும். அக்கேள்விதான் இச்சொல்லைச் சரியாக ஆள்வதற்குத் திறவுகோல்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். நம் மொழியில் ‘பொருந்து’ என்பது ஒன்று. ‘பொருத்து’ என்பது மற்றொன்று. ‘மூடி பொருந்தியது’ என்கிறோம். ‘மூடியைப் பொருத்தினேன்’ என்கிறோம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒரு மெய்யெழுத்து மாறினால் பொருள் மாறுகிறது. ஆங்கிலத்திலோ ‘அட்ஜஸ்ட்’ என்னும் ஒரே வடிவம் இரண்டு வேலையையும் செய்கிறது. எனவே, எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பக்கத்துச் சொற்கள்தாம் காட்ட வேண்டும். ‘பொருத்து’ என்னும் கருத்தானால் உடனே ஒரு பொருளை வைக்க வேண்டும். ‘பொருந்து’ என்னும் கருத்தானால் ‘டு’ என்னும் சிறுசொல்லை வைத்து, எதற்குப் பொருந்துவது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த விதியை நினைவில் இருத்தினால் பாதிப் பிழைகள் ஒழிந்துவிடும்.

முதல்வகைக்கு எடுத்துக்காட்டுகள் காண்போம். ஓட்டுநர் வண்டியைக் கிளப்புமுன் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரியாக வைக்கிறார்: ‘ஹீ அட்ஜஸ்டட் தி மிரர்’. பாட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்: ‘ஷீ அட்ஜஸ்டட் ஹெர் ஸ்பெக்டக்கிள்ஸ்’. பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் பை தோளிலிருந்து நழுவுகிறது. வாரைக் குறைத்து விடுகிறோம்: ‘அட்ஜஸ்ட் தி ஸ்ட்ராப்’. வானொலியின் ஒலி மிகுந்திருந்தால், ‘அட்ஜஸ்ட் தி வால்யூம்’. இவை எல்லாவற்றிலும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பொருள் கெட்டுப்போகவில்லை, சிறிதளவு மாற்றினால் தக்க நிலைக்கு வரும். அதுவே ‘அட்ஜஸ்ட்’.

கெட்டுப்போன பொருளைச் சீராக்குவது ‘ரிப்பேர்’. கமர்சியல் தெருத் தையற்காரரிடம் கொடுத்து, கால்சட்டையைப் பிரித்துக் குட்டையாக்குவது ‘ஆல்டர்’. வானொலியில் நிலையத்தைத் தேடிப் பிடிப்பது ‘ட்யூன்’. தமிழில் இவை யாவற்றையும் நாம் ‘சரிசெய்’ என்னும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவோம். அதனால், ‘ஐ கேவ் மை வாட்ச் ஃபார் அட்ஜஸ்ட்’ என்று ஓடாத கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறோம். ஓடாத கடிகாரத்திற்கு ‘ரிப்பேர்’ தான் வேண்டும். ஓடிக்கொண்டே நாளுக்கு ஐந்து நிமிடம் முந்துமாயின், அதற்கே ‘அட்ஜஸ்ட்’ செய்தல் பொருந்தும்.

இரண்டாம் வகை, புது நிலைக்குப் பழகிப்போதல். வெயிலிலிருந்து இருண்ட அறைக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சிறிது நேரத்தில் கண் பழகிவிடுகிறது: ‘அவர் ஐஸ் அட்ஜஸ்ட் டு தி டார்க்’. வேலூர் வெயிலில் வளர்ந்த இளைஞர் பெங்களூரின் மார்கழிக் குளிருக்குப் பழகிவிட்டார்: ‘ஹீ ஹாஸ் அட்ஜஸ்டட் டு தி கோல்ட்’. இங்கே ‘டு’ என்பதே முறை. நம்மவர் பலர் ‘அட்ஜஸ்ட் வித்’ என்று எழுதுகின்றனர். ‘மாமியாரோடு ஒத்துப்போகிறாள்’ என்னும் தமிழ்த் தொடரின் ‘ஓடு’ அவர்களை ‘வித்’ பக்கம் இழுத்துவிடுகிறது. மனிதரோடு இணங்கி வாழ்தலைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘கெட் ஆன் வித்’ அல்லது ‘கெட் அலாங் வித்’ என்ற வழக்கு உண்டு. அங்கே ‘வித்’ வரட்டும்.

மூன்றாவதாக, ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மாற்றுதல். இதற்கு ‘ஃபார்’ வரும். மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டிற்கு இருமுறை, சனவரியையும் சூலையையும் ஒட்டி, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு மாற்றப்படுகிறது. ஊதியம் விலைவாசி ஏற்றத்திற்குத் தக்கவாறு மாறுவதனை, ‘பே இஸ் அட்ஜஸ்டட் ஃபார் இன்ஃப்ளேஷன்’ என்பர்.

நான்காவது வகைதான் நம் போன்ற குடும்பத்தினர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது. அது கணக்கு வழக்கைச் சேர்ந்தது. அலுவலகங்களில் பயணத்திற்கு முன்பணம் பெறுவோம். திரும்பி வந்து செலவுப் பட்டியல் கொடுத்ததும், அம்முன்பணத்தைப் பட்டியல் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவர். அவ்வாறு கழித்தலுக்கு ‘அட்ஜஸ்டட் அகெய்ன்ஸ்ட் தி பில்’ என்று பெயர். இங்கே ‘அட்ஜஸ்ட்’ என்பது இரக்கம் காட்டுதல் அன்று, விட்டுக்கொடுத்தலும் அன்று, தொகையைத் தொகையில் நேர்செய்தல். ‘உங்கள் முன்பணம் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது’ என்று கடிதம் வந்தால், ஏதோ சலுகை கிட்டிற்று என மகிழ வேண்டா. பணம் கழிக்கப்பட்டது என்றே பொருள்.

இப்போது நம் கதைக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்புப் பணியில் மாற்றலாகி நாம் பெங்களூரு வந்த புதிது. சிவாஜிநகரில், ரஸ்ஸல் சந்தைக்குப் பின்புறத்துச் சந்து ஒன்றில் இரண்டு அறை கொண்ட வீடு கிடைத்தது. இவ்வூர் வழக்கப்படி, பல மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தோம். கையிருப்பு அதில் கரைந்தது. பழைய அலுவலகத்திலிருந்து வர வேண்டிய கடைசிச் சம்பளச் சான்று வந்து சேரவில்லை. அது வராமல் புதிய இடத்தில் சம்பளம் எழுதமாட்டார்கள். மாதம் பிறந்துவிட்டது. வீட்டுக்காரர் கன்னடத்தவர், மரியாதை தெரிந்த மனிதர், நகரின் மறுகோடியில் வசித்தவர். நமக்கு அப்போது கன்னடம் தெரியாது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினோம். கலைப்பட்டம் பெற்றவர், அதிலும் மொழிபெயர்ப்பாளர் என்னும் பெருமிதத்தோடு எழுதிய அக்கடிதத்தின் உயிர்நாடி இதுதான்: ‘கைண்ட்லி அட்ஜஸ்ட் திஸ் மந்த்ஸ் ரென்ட்’.

நாம் கருதியது, ‘இம்மாதம் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் சேர்த்துத் தந்துவிடுகிறோம்’ என்பது. அவர் கொண்ட பொருளோ வேறு. ‘இம்மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று நாம் கேட்டதாக அவர் எண்ணினார். குடியிருப்போர் எப்போது அவ்வாறு கேட்பர்? வீட்டைக் காலி செய்யும்போதுதான்! வந்த மூன்றாம் மாதமே காலி செய்கிறாரே, வீடு பிடிக்கவில்லை போலும் என்று அவர் வருந்தியிருக்கிறார். வருந்தியதோடு நில்லாமல், தம் ஆளை அனுப்பி வாசலில் ‘டு லெட்’ பலகையையும் மாட்டச் செய்துவிட்டார்.

அன்று மாலை நாம் வீடு திரும்பியபோது, முன்பின் அறியாத தம்பதியர் இருவர் நம் சமையலறையில் நின்று, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று நம் துணைவியாரைக் கேட்டுக்கொண்டிருந்தனர். துணைவியார் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரம்தான் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருந்தோம். “வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்களா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. பலகையைக் கண்ட பக்கத்து வீட்டு அம்மாள், “வாடகை பாக்கியா ஐயா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று இரங்கிக் கேட்டார், அது பலகையைவிடச் சுட்டது.

இரவே பேருந்தேறிச் சென்று வீட்டுக்காரரைக் கண்டோம். அவர் நம் கடிதத்தை எடுத்து நம் முன்னே வைத்து, “நீங்கள்தானே ஐயா எழுதினீர்கள்?” என்று கேட்டார். நாம்தான் எழுதினோம். அவர்மீது குற்றமில்லை, எழுதியபடியே படித்திருந்தார். நடந்ததை விளக்கியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பத்து நாள் பொறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேனே” என்றார். மறுநாள் காலை பலகை இறங்கியது. எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் மிக எளியது: ‘மே ஐ பே திஸ் மந்த்ஸ் ரென்ட் பை தி டென்த் ஆஃப் நெக்ஸ்ட் மந்த்?’ இதில் அழகான வினைச்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் எது, எவ்வளவு, எப்போது என்பன எல்லாம் இருக்கின்றன. வெளியூரில் வாழ்வோர்க்கு அலங்காரத்தைவிட அவையே துணை.

அந்நாள் முதல், நம் மக்கள் ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, அங்கே ஆங்கிலம் என்ன சொல்லும் என்று எழுதிவைப்பதை வழக்கமாகக் கொண்டோம். அவற்றுள் சில நேயர்களுக்குப் பயன்படலாம்.

பேருந்தில் நகர்ந்து அமரச் சொல்ல: ‘குட் யூ மூவ் அப் எ லிட்டில், ப்ளீஸ்?’

கடையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்ல: ‘கேன் யூ கம் டவுன் எ லிட்டில்?’

உணவு விடுதியில், ‘சட்னி தீர்ந்துவிட்டது, சாம்பாரை வைத்து அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்’ என்கிறார்களே, இருப்பதைக் கொண்டு நிறைவு கொள்ளும் அந்நிலைக்கு: ‘மேக் டூ வித் சாம்பார்’.

நமக்குப் பதிலாக உடன் பணிபுரிவோரை ஒருநாள் வேலை பார்க்கக் கேட்க: ‘குட் யூ ஃபில் இன் ஃபார் மீ டுமாரோ?’

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல: ‘ப்ளீஸ் பேர் வித் மீ’.

எவரோடும் இணங்கிப் போகும் இயல்பினரை ‘அவர் அட்ஜஸ்ட் டைப்’ என்கிறோமே, அவரைப் பற்றிச் சொல்ல: ‘ஹீ இஸ் ஈஸி டு கெட் அலாங் வித்’.

வீட்டில் இடம் குறைவாயினும் விருந்தினரை ஏற்றுக்கொள்வதற்கு: ‘வீ கேன் மேக் ரூம் ஃபார் யூ’.

இவ்வரிசையைப் பாருங்கள். நாம் ஒரு சொல்லால் மூடி மறைத்த இடத்தில் ஆங்கிலம் ஏழு தனித்தனிச் செயல்களைக் காண்கிறது. நகர்தல் வேறு, விலை குறைத்தல் வேறு, பொறுத்தல் வேறு, பிறர் வேலையைத் தாங்குதல் வேறு. நல்ல தமிழும் அவ்வாறே வேறுபடுத்திக் காட்ட வல்லது. நகருங்கள், குறையுங்கள், பொறுங்கள், இடங்கொடுங்கள் என்று நமக்குச் சொற்கள் இல்லையா? இருக்கின்றன. சொல்லச் சற்றுக் கூச்சமாயிருக்கிறது. ‘அட்ஜஸ்ட்’ என்றால் கேட்பவருக்கும் நோவதில்லை, சொல்பவருக்கும் நோவதில்லை. அச்சொல்லின் கவர்ச்சி அங்கேதான் உள்ளது; அதன் ஆபத்தும் அங்கேதான் உள்ளது.

ஆபத்து என்று நாம் சொல்வது இலக்கணப் பிழையை மட்டும் அன்று. எதனை, எதற்கு, எவ்வளவு என்று சொல்லாமல் ‘அட்ஜஸ்ட் செய்துகொள்’ என்று ஒருவரிடம் கூறும்போது, அளவில்லாத ஒரு சுமையை அவர் தலையில் வைக்கின்றோம். மணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண் ஒரு குறை சொன்னால், பிறந்த வீட்டார் முதலில் சொல்லும் அறிவுரை இதுதான். குறை என்ன என்று கேட்குமுன்பே ‘அட்ஜஸ்ட்’ வந்துவிடுகிறது. மணி கணக்கின்றி வேலை வாங்கும் முதலாளியும் தம் ஆளிடம் இதையே சொல்கிறார். சிறியோர் பெரியோரிடமும், எளியோர் வலியோரிடமும் இச்சொல்லைக் கேட்பதே பெரும்பான்மை. மறுதிசையில் அது செல்வது அரிது. கேரளத் திரைத்துறையில் பெண்களின் நிலை குறித்து ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024-இல் வெளியாயிற்று. அத்துறையில் பெண்களிடம் தகாத இணக்கத்தைக் கோருவதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்பதே மறைசொல்லாக வழங்கிற்று என்பது அவ்வறிக்கையால் நாடறிந்தது. செயப்படுபொருள் இல்லாத வினை எவ்வளவு கொடுமையை மறைக்க வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இதற்கு மாறாக, நம் நாட்டுச் சட்டம் இச்சொல்லை எவ்வாறு ஆள்கிறது என்று பாருங்கள். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 23-ஆம் கட்டளையின் 3-ஆம் விதி, வழக்காடுவோர் தமக்குள் இணங்கி வழக்கைத் தீர்த்துக்கொள்வதைப் பற்றியது. அவ்வாறு வழக்குத் தீர்தலைக் குறிக்க அங்கே வரும் வினை இதே ‘அட்ஜஸ்ட்’ தான். ஆனால் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அவ்விணக்கம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இருதிறத்தாரும் கையொப்பமிட்டிருத்தல் வேண்டும். சட்டத்திற்கு உட்பட்டிருத்தல் வேண்டும். முழு வழக்கும் தீர்ந்ததா, ஒரு பகுதியா என்பதும் தெரிய வேண்டும். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்து, மற்றவர் கேட்டுக்கொண்டே இருப்பதை நீதிமன்றம் ‘அட்ஜஸ்ட்’ என்று ஏற்பதில்லை. ‘நேர்மையான’ என்னும் அந்தப் பழைய நிழல் இங்கே நன்றாகத் தெரிகிறது அன்றோ?

தமிழில் இதற்கு நேராக நாம் வழங்கும் ‘அனுசரித்துப் போ’ என்பதையும் சற்று ஆராய்தல் நலம். ‘அனுசரி’ என்பது வடமொழி வழி வந்தது. ‘பின்னே செல்’ என்பது அதன் அடிப்பொருள். ஒருவர் முன்னே போக, மற்றவர் பின்னே போகிறார். கன்னட மொழியினர் இதே கருத்திற்கு ‘ஹொந்திகொள்ளி’ என்று ஓர் அழகிய தொடரை வழங்குகின்றனர்; இணக்கத்திற்கு ‘ஹொந்தாணிகெ’ என்பர். பழங்கன்னடத்துப் பகரம் பல இடங்களில் ஹகரமாகத் திரிந்தது என்பதை இங்கு வாழும் நேயர்கள் அறிவர். நம் பால் அங்கே ஹாலு. நம் பல் ஹல்லு. நம் புலி ஹுலி. அவ்வாறே, ‘ஹொந்து’ என்பது நம் ‘பொருந்து’ என்பதன் உடன்பிறப்பு. பின்னே செல்வது வேறு, பொருந்துவது வேறு. பொருந்துதற்கு இரண்டு பக்கமும் வேண்டும். மூடி மட்டும் வளைந்து கொடுத்துப் பயனில்லை. பாத்திரத்தின் வாயும் அதற்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. காவிரிச் சிக்கலையொட்டி 1991-இல் இந்நகரில் மூண்ட கலவரத்தை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மறந்துவிடவில்லை. அதே ஆண்டில் அல்சூர் ஏரியருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் துணி மூடியவாறே நின்றது. பின்னர் 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள், தமிழக முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி, கர்நாடக முதலமைச்சராயிருந்த எடியூரப்பாவின் முன்னிலையில் அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13-ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியால் உலகளந்தவர் இங்கே. மூவடிப் பாடல்களால் நீதி சொன்னவர் அங்கே. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் துணி இன்னும் விலகியிராது. ஆங்கிலத்தில் இதனை, ‘தி டூ ஸ்டேட்ஸ் அட்ஜஸ்டட் டு ஈச் அதர்’ என்று எழுதினால் இலக்கணத்திற்கும் பொருந்தும், நடந்ததற்கும் பொருந்தும். ‘ஈச் அதர்’ என்னும் இரு சொற்களே இங்கு உயிரானவை.

ஆகவே, ஆங்கிலத்தில் ‘அட்ஜஸ்ட்’ என்று எழுத நேரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். எதனை? எதற்கு? எவ்வளவு? முதற்கேள்விக்கு விடையிருந்தால் அப்பொருளை வினைக்கு அடுத்து வைப்போம். இரண்டாம் கேள்விக்கு விடையிருந்தால் ‘டு’ வைத்து எழுதுவோம். பணம் பற்றியதாயின், எத்தொகையில் எத்தொகை கழிகிறது என்று இலக்கத்தோடு எழுதுவோம். இவற்றுள் எதற்கும் விடையில்லையாயின், வேண்டியது வேறு வினைச்சொல் என்று தெளிந்து, நகர்தலை நகர்தல் என்றும் பொறுத்தலைப் பொறுத்தல் என்றும் சொல்வோம். நம்மிடம் ஒருவர் ‘அட்ஜஸ்ட் செய்துகொள்’ என்று சொன்னாலும் இதே மூன்று கேள்விகளை மரியாதையாகத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமையுண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கும் அவ்வுரிமையைக் கற்பிப்போம்.

பேருந்து வேண்டுகோளை மட்டும் நாம் திருத்தப் புகவேண்டா. அது ஆங்கிலமன்று, இவ்வூர் தானே ஆக்கிக்கொண்ட வாக்கியம். மேலும், நாம் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அதில் விடையுண்டு. எதனை என்பது கண்முன்னே தெரிகிறது: இருக்கையின் இடம். எதற்கு என்பதும் தெரிகிறது: நின்றுகொண்டிருக்கும் பெரியவருக்காக. எவ்வளவு என்பதனை அவரே முதற்சொல்லிலேயே சொல்லிவிடுகிறார்: ஸ்வல்ப. ஐவரும் சிறிது சிறிது நகர்கின்றனர்; ஆறாமவரும் தம் பையை மடியில் வைத்து ஒடுங்கி அமர்கிறார். நாளை மாலை சிவாஜிநகரிலிருந்து வண்டியேறும் நேயர்கள், கன்னடத்தில் அம்மூன்று சொற்களையும் தயங்காது சொல்லிப் பாருங்கள். இடம் கிடைக்கும். வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் வேறு வினைச்சொல்லைத் தேடிக்கொள்ளுங்கள்.